27.46 மில்லிமீட்டர் காற்று

மாஸ்கோவை ஒட்டிய கிராஸ்னகோர்ஸ்க் நகரத்து இயந்திர ஆலையில் லட்சக்கணக்கில் உருவான லென்ஸ் ஹீலியோஸ் 44-2. ஜெனிட் கேமரா வாங்கிய பலருக்கு அதன் கூடவே வந்தது. 58 மில்லிமீட்டர் குவியத் தூரம். முழுதாகத் திறந்தால் எஃப்/2. நான்கு தொகுதிகளாக அமைந்த ஆறு கண்ணாடிகள், எட்டு இதழ் கொண்ட ஒளித்துளை, ஃபோகஸ் செய்ய ஒரு வளையம். மோட்டார் இல்லை, மின் இணைப்பு இல்லை, சிப் இல்லை. செய்து அரை நூற்றாண்டு ஆன பிறகும் இதை இன்றைய டிஜிட்டல் கேமராவில் மாட்டி நல்ல படம் எடுக்க முடிகிறது. இதற்கான காரணம் லென்ஸின் கண்ணாடியில் பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி அதற்குப் பின்னால் இருக்கும் காற்றில்.

கண்ணாடியிலிருந்து தொடங்கலாம். ஹீலியோஸின் பூர்விகம் ஜெர்மனியின் யேனா நகரம். கார்ல் ஸைஸ் நிறுவனத்தில் வில்லி மெர்ட்டே 1920களின் இறுதியில் வகுத்த பயோட்டார் வடிவமைப்புதான் இதன் மூலம். இரண்டாம் உலகப் போர் முடிந்து யேனா சோவியத் கட்டுப்பாட்டுக்குள் வந்ததும் ஸைஸ் ஆலையின் இயந்திரங்கள், வரைபடங்கள், நிபுணர்கள் எல்லாம் கிழக்கே போக, பயோட்டாரும் கூடப் போயிற்று. 1958இல் ஸ்டார்ட் என்ற கேமராவோடு ஹீலியோஸ் 44 என்ற பெயரில் வெளிவந்தது. மெர்ட்டேக்கு முன்னோடி, 1896இல் பிளானாரை உருவாக்கிய பால் ருடால்ஃப். அவருக்கும் முன்னோடி, 1817இல் தொலைநோக்கிக்காக ஒரு ஜோடி வில்லையைக் கணக்கிட்ட கணித மேதை காஸ். துளையின் இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே மாதிரிக் கண்ணாடிகள் எதிரெதிராக நிற்பதுதான் இந்தக் குடும்பத்தின் அடையாளம். நேர்கோடு வளைவது, ஓரங்களில் நிறம் பிரிவது, ஒளிப்புள்ளிக்கு வால் முளைப்பது போன்ற பிழைகளை முன்பாதி ஒரு திசையில் செய்தால் பின்பாதி எதிர்த்திசையில் செய்து பெருமளவு ஈடுகட்டிவிடும். இன்று கடையில் கிடைக்கும் 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ்கள் பலவற்றின் உள்ளேயும் இதே ஏற்பாடுதான். கண்ணாடிக்குள் ஒளி வளையும் விதி மாறாதவரை இந்த வடிவமைப்புக்கு வயதாகாது.

வயதானது, லென்ஸும் கேமராவும் சேரும் இடம். ஹீலியோஸ் 44-2இன் பின்புறத்தில் 42 மி.மீ. விட்டத்தில், மரைக்கு மரை 1 மி.மீ. இடைவெளியில், ஒரு சாதாரணத் திருகு மரை இருக்கிறது. எம்42 என்று அழைக்கப்படும் இந்த மரையை 1949இல் டிரெஸ்டனின் காண்டாக்ஸ் எஸ் கேமரா பரப்பியது. பிராக்டிகா அதையே பின்பற்றியது, ஜப்பானின் பென்டாக்ஸ் பின்பற்றியது, ஜெனிட்டும் பின்பற்றியது. பனிப்போரின் உச்சத்தில் கிழக்கு ஜெர்மன் கேமராவில் ஜப்பானிய லென்ஸைத் திருகிப் பொருத்த முடிந்திருக்கிறது. பிறகு ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு பூட்டு, அதாவது மவுண்ட், செய்துகொண்டது. ஒருவரின் லென்ஸ் இன்னொருவரின் கேமராவுக்குள் நுழையாமல் போயிற்று. எம்42இன் திறந்த மனம் பிற்காலத்தில் எந்த மவுண்டுக்கும் வாய்க்கவில்லை என்பது என் எண்ணம்.

பூட்டின் வடிவத்தைவிட முக்கியமானது ஓர் எண். லென்ஸ் உட்காரும் உலோக முகத்துக்கும் ஃபிலிமுக்கும் நடுவே உள்ள தூரம் ஒவ்வொரு மவுண்டுக்கும் நிலையானது. எம்42க்கு 45.46 மி.மீ. நிகான் எஃப் மவுண்டுக்கு 46.5, கேனன் ஈஎஃப் மவுண்டுக்கு 44. எல்லாமே 40ஐத் தாண்டியிருப்பதற்குக் காரணம் கேமராவுக்குள் 45 பாகைச் சாய்வில் நின்று காட்சியை மேலே திருப்பிவிடும் ஆடி. ஒவ்வொரு சொடுக்கிலும் அது மேலே எழும்ப இடம் வேண்டும்.

தூரத்துப் பொருள் தெளிவாக விழ லென்ஸ் ஃபிலிமுக்கு எவ்வளவு அருகில் இருக்க வேண்டுமோ அவ்வளவு அருகில் இருந்தே ஆக வேண்டும். கொஞ்சம் தள்ளிப்போனால் என்ன ஆகும் என்பதை ஓர் எளிய கணக்கு சொல்லிவிடும்: குவியத் தூரத்தை அதனாலேயே பெருக்கி, தள்ளிப்போன அளவால் வகுத்தால், லென்ஸால் தெளிவாகப் பார்க்கக்கூடிய அதிகபட்சத் தூரம் கிடைக்கும். எம்42 லென்ஸை நிகான் எஃப் கேமராவில் வைத்தால் அது 1.04 மி.மீ. தள்ளி நிற்கிறது. 58ஐ 58ஆல் பெருக்கினால் 3364, அதை 1.04ஆல் வகுத்தால் சுமார் 3.2 மீட்டர். அதற்கு அப்பால் உலகம் முழுவதும் மங்கல். ஒரு மில்லிமீட்டர் பிசகுக்கு மலையும் வானமும் போய்விடுகின்றன. இடையில் ஒரு திருத்தக் கண்ணாடியை வைத்துச் சமாளிக்கும் அடாப்டர்கள் வந்தன. அவை லென்ஸின் தரத்தைக் குறைத்தன. கேனன் ஈஎஃப் கேமராக்களில் 1.46 மி.மீ. மிச்சம் இருந்ததால் மெல்லிய வளையம் ஒன்றே போதுமானதாக இருந்தது.

2008இல் பானசோனிக் ஜி1 வந்தபோது ஆடி இல்லாத கேமரா என்ற புது வகை பிறந்தது. சென்சார் பார்ப்பதையே சிறு மின்திரையில் காட்டினால் ஆடிக்கு வேலை இல்லை. ஆடி போனால் அதற்காக விட்ட இடமும் போய்விடும். 2013இல் முழு ஃபிலிம் அளவு சென்சாரோடு வந்த சோனி ஏ7இல் இந்தத் தூரம் 18 மி.மீ. பின்னர் 2018இல் நிகான் இசட் 16 என்றும், கேனன் ஆர்எஃப் 20 என்றும் தேர்ந்துகொண்டன. கேமரா மெலிந்ததில் யாரும் திட்டமிடாத ஒரு நன்மை விளைந்தது. 45.46இலிருந்து 18ஐக் கழித்தால் 27.46. அந்த நீளத்துக்கு ஒரு வெற்றுக் குழாய், ஒரு முனையில் எம்42 மரை, மறுமுனையில் சோனியின் பூட்டு. அவ்வளவுதான் அடாப்டர். உள்ளே கண்ணாடி கிடையாது, காற்று மட்டுமே. லென்ஸ் தன் பழைய கேமராவில் இருந்த அதே இடத்தில் இப்போதும் இருக்கிறது. ஒளிக்கு எந்த வேறுபாடும் தெரியாது. 1940களிலிருந்து செய்யப்பட்ட ஏறத்தாழ எல்லா ஒற்றை வில்லைப் பிரதிபலிப்பு கேமராக்களின் லென்ஸ்களுக்கும் இந்தக் கழித்தல் கணக்கு பொருந்தும். கைவிடப்பட்டுக் கிடந்த பெரும் செல்வம் ஒன்று இப்படித்தான் மறுபடி பயனுக்கு வந்தது.

குழாய் எளிது, ஆனால் அதன் நீளம் துல்லியமாக இருக்க வேண்டும். அடாப்டர் 0.1 மி.மீ. நீளமாகிவிட்டால் 58 மி.மீ. லென்ஸ் 33 மீட்டருக்கு அப்பால் தெளிவைத் தொடாது. அதே பிசகு 28 மி.மீ. அகலக்கோண லென்ஸை 8 மீட்டருக்குள் அடைத்துவிடும். இதற்கு அஞ்சியே பல உற்பத்தியாளர்கள் குழாயைத் தேவைக்குச் சற்றுக் குறைவாகக் கடைகிறார்கள். அப்போது வளையத்தில் முடிவிலிக் குறி வருவதற்கு முன்பே தூரம் தெளிந்துவிடும். குறிகளை நம்ப முடியாது, படத்துக்குக் குறை இருக்காது. மெல்லிய உலோகத்தில் செய்த அடாப்டர் கனமான லென்ஸின் பாரத்தில் ஒரு பக்கம் சாய்ந்தால்தான் உண்மையான தொல்லை: படத்தின் ஒரு ஓரம் தெளிவாகவும் எதிர் ஓரம் மங்கலாகவும் வரும். லென்ஸில் குறை என்று முடிவு கட்டும் முன் அடாப்டரை மாற்றிப் பார்க்க வேண்டும்.

இனி லென்ஸின் உள்ளே. பழைய லென்ஸ் பழுதாகிவிட்டது என்று பொதுவாகச் சொல்கிறோம், ஆனால் ஒவ்வொரு பாகமும் வெவ்வேறு காரணத்தால் முதுமை அடைகிறது. எது எதனால் கெட்டது என்று தெரிந்துகொள்வதுதான் பழுதுபார்ப்பதில் பெரிய வேலை.

முதலில் போவது கிரீஸ். சோப்பு போன்ற ஒரு கெட்டிப்பொருளுக்குள் பிடித்து வைக்கப்பட்ட எண்ணெய்தான் கிரீஸ். ஆண்டுகள் போகப் போக எண்ணெய் கசிந்து வெளியேறும், எஞ்சியது இறுகிப் பிசின் ஆகும். ஃபோகஸ் வளையம் திரும்ப மறுக்கும். கசிந்த எண்ணெயில் கொஞ்சம் இதழ்களில் படரும், கொஞ்சம் ஆவியாகிக் கண்ணாடியின் உள்முகத்தில் மெல்லிய புகைபோலப் படியும். ஹீலியோஸ் 44-2இல் இதழ்கள் எண்ணெயில் நனைந்திருந்தாலும் பெரிய நஷ்டம் இல்லை. அவற்றைக் கையால்தான் மூடித் திறக்கிறோம். படம் எடுக்கும் கணத்தில் ஸ்பிரிங் விசையால் மூடிக்கொள்ளும், பென்டாக்ஸின் டாக்குமார் போன்ற லென்ஸ்களில், எண்ணெய்ப் படலம் இதழ்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்து, அவை தாமதமாக மூடும்படி செய்துவிடும். லைட்டரில் ஊற்றும் நாப்தா அந்த எண்ணெயைக் கரைக்கும். இதழ்கள் உலர்ந்தே இருக்க வேண்டும். அங்கே புது எண்ணெய் இடுவது நோயைத் திரும்ப அழைப்பது.

ஃபோகஸ் மரையைக் கழற்றுவது வேறு வகையான கவனத்தைக் கேட்கும். இந்த லென்ஸ் அரை மீட்டர் தூரத்தைத் தெளிவாகக் காட்ட, தன் இடத்திலிருந்து சுமார் 9 மி.மீ. முன்னே வர வேண்டும். ஒற்றைத் தொடக்கம் கொண்ட நுண்மரையில் அதற்குப் பல சுற்றுகள் தேவைப்படும். ஒரு சுற்றுக்குள்ளேயே முடித்துவிட, பல தொடக்கங்கள் கொண்ட செங்குத்தான மரையை வெட்டியிருக்கிறார்கள். பிரித்த பிறகு எந்தத் தொடக்கத்தில் வேண்டுமானாலும் அது மறுபடி நுழையும், ஆனால் ஒன்றே ஒன்றுதான் சரி. மரை விடுபடும் அந்தப் புள்ளியை இரண்டு பாகங்களிலும் கீறிக் குறித்துக்கொள்ளாமல் பிரிப்பவர்கள் பிறகு ஒவ்வொரு தொடக்கமாக முயல வேண்டியிருக்கும். பழைய கிரீஸை மரையின் அடிப்பள்ளம்வரை துடைத்து, செயற்கை எண்ணெயில் செய்த, இதற்கென்றே உள்ள கெட்டியான கிரீஸை மிகக் கொஞ்சமாகத் தடவ வேண்டும். வளையம் திரும்பும்போது விரலுக்குத் தெரியும் அந்த இதமான எதிர்ப்பு கிரீஸின் பாகுத்தன்மையால் வருவது. சைக்கிள் கடை கிரீஸில் அது கிடைக்காது. ஜப்பானிய லென்ஸ்களைத் திறப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: அங்குள்ள திருகுகளின் சிலுவைத் தலை ஜப்பானியத் தர அளவில் அமைந்தது. வழக்கமான நட்சத்திரத் திருப்புளி அதில் முழுதாக உட்காராமல் தலையைத் தேய்த்துவிடும்.

நம்மூரில் லென்ஸ்களின் பெரும் பகை பூஞ்சை. காற்றில் எங்கும் மிதக்கும் அதன் வித்துகள், ஈரப்பதம் 70 சதவீதத்தை நெருங்கி, இருட்டும் அசையாத காற்றும் சேர்ந்தால் முளைவிடும். பருவமழைக் காலத்துச் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் தோல் உறைக்குள் மூடி வைத்த லென்ஸுக்கு இவை எல்லாமே கிடைக்கின்றன. கண்ணாடியை அது உண்பதில்லை. கண்ணாடிமேல் படிந்த தூசி, விரல் எண்ணெய், கிரீஸின் ஆவி ஆகியவையே உணவு. ஆனால் உண்டு முடித்து அது வெளியேற்றும் கரிம அமிலங்கள் முதலில் மேற்பூச்சையும் பிறகு கண்ணாடியையும் அரிக்கின்றன. சிலந்தி வலை போன்ற இழைகளைத் துடைத்த பிறகும் அதே வடிவத்தில் தழும்பு தெரிந்தால் அரிப்பு நடந்துவிட்டது என்று பொருள். அதற்கு மருந்து இல்லை. இரண்டாம் உலகப் போரில் நியூ கினியில் நின்ற படைகளின் பைனாகுலர்கள் பூஞ்சையால் குருடாகிப்போக, ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பாதரசச் சேர்மம் ஒன்றைக் கருவிகளின் உட்பூச்சில் கலந்து அதைத் தடுத்தார்கள். வெப்பமண்டலத்துக்கென்று கருவிகளைப் பாதுகாக்கும் முறைகள் அந்தப் போரில்தான் முறையாக ஆராயப்பட்டன.

வெளியே எடுத்த கண்ணாடியில் ஆரம்ப நிலைப் பூஞ்சை இருந்தால், 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடும் நீர்த்த அம்மோனியாவும் சம அளவு கலந்த கரைசல் வேலை செய்யும். காற்றோட்டமான இடத்தில், அப்போதைக்கு அப்போது கலந்து, உலோகத்திலும் கறுப்புச் சாயத்திலும் படாமல் பயன்படுத்த வேண்டும். பிளீச்சிங் கலந்த எதையும் அம்மோனியாவோடு சேர்க்கவே கூடாது, நச்சுவாயு வரும். துடைத்து முடித்தபின் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் உள்ள பெட்டியில் வைத்தால் போதும். சிலிக்கா ஜெல் நல்லது. அரிசி டப்பாவுக்குள் லென்ஸை வைக்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும்: அது உறிஞ்சும் ஈரம் குறைவு, அதன் மாவுத்தூளோ பூஞ்சைக்கு உணவு. பூஞ்சை பிடித்த லென்ஸ் பக்கத்திலுள்ள லென்ஸையும் கெடுத்துவிடும் என்ற அச்சம் பலருக்கு உண்டு. வித்துகள் ஏற்கெனவே எல்லா லென்ஸிலும் இருக்கின்றன. காய்ந்த பெட்டியில் எதுவும் முளைக்காது.

துடைப்பதில் இவ்வளவு தயக்கம் எதற்கு என்றால், மேற்பூச்சின் தடிமன் அப்படிப்பட்டது. பூச்சில்லாத கண்ணாடி தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். ஹீலியோஸ் அமைப்பில் காற்றைத் தொடும் முகங்கள் எட்டு. எட்டு முறை 4 சதவீதம் இழந்தால் உள்ளே போன ஒளியில் 28 சதவீதம் காணாமல் போகும். போனதில் ஒரு பங்கு உள்ளுக்குள்ளேயே அலைந்து படத்தை வெளிறச் செய்யும். 1890களில் யார்க் நகரின் குக் நிறுவனத்தில் இருந்த ஹரோல்ட் டென்னிஸ் டெய்லர் வியப்பான ஒன்றைக் கவனித்தார்: காலத்தால் நிறம் மாறிய பழைய லென்ஸ்கள் புதியவற்றைவிட அதிக ஒளியை உள்ளே விட்டன. கண்ணாடியின் மேல்தோலில் காலம் செய்த மாற்றம், ஒளிவிலகல் குறைந்த ஒரு மெல்லிய படலமாக வேலை செய்திருக்கிறது. அதையே வேண்டுமென்று செய்யும் வழியை ஸைஸின் அலெக்சாண்டர் ஸ்மக்குலா 1935இல் காப்புரிமை ஆக்கினார்: வெற்றிடத்தில் ஃபுளோரைடு உப்பை ஆவியாக்கிக் கண்ணாடிமேல் படிய வைப்பது. படலத்தின் மேல்முகத்தில் பட்டுத் திரும்பும் அலையும் அடிமுகத்தில் பட்டுத் திரும்பும் அலையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, தடிமன் ஒளி அலையின் கால் பங்கு இருக்க வேண்டும். பச்சை ஒளிக்கு மக்னீசியம் ஃபுளோரைடில் அது சுமார் 100 நானோமீட்டர். தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ எழுநூறில் ஒரு பங்கு. பச்சை அழிந்து சிவப்பும் நீலமும் கொஞ்சம் திரும்புவதால்தான் பழைய லென்ஸ் ஊதாவாக மின்னுகிறது. அந்தப் படலத்தைச் சட்டைத் துணியால் அழுத்தித் தேய்ப்பவர்கள் எதைத் தேய்க்கிறோம் என்று ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும். முன்கண்ணாடியில் நாலு கீறலும் தூசியும் இருந்தால் அப்படியே விட்டுவிடலாம். அவை ஃபோகஸுக்கு மிகவும் வெளியே இருப்பதால் படத்தில் தெரியாது. பின்கண்ணாடியில் உள்ள கீறலுக்கு அந்தச் சலுகை குறைவு.

வண்ணம் மாறிய லென்ஸ்களில் ஒரு தனி ரகம் உண்டு. பென்டாக்ஸின் சூப்பர் டாக்குமார் 50 மி.மீ. எஃப்/1.4இன் பெரும்பாலான பிரதிகள் தேநீர் நிறத்துக்குப் பழுத்திருக்கும். ஒளியை அதிகம் வளைத்தும் நிறங்களைக் குறைவாகப் பிரிக்கும் கண்ணாடிக்காக அதில் தோரியம் ஆக்சைடு சேர்த்தார்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில், மோனசைட் கனிமத்துக்குள் இருக்கும் அதே தோரியம். அதன் கதிர்வீச்சு கண்ணாடிக்குள் எலக்ட்ரான்களை இடம்பெயர்க்க, அவை அணுக்கட்டமைப்பின் குறைகளில் சிக்கிக்கொண்டு நீல ஒளியை விழுங்குகின்றன. புற ஊதா ஒளி அவற்றை விடுவிக்கும். புற ஊதா எல்.இ.டி. விளக்கின் கீழோ, பின்புறம் மூடி வெயில்படும் இடத்திலோ சில நாட்கள் முதல் சில வாரங்கள் வைத்தால் மஞ்சள் பெரும்பாலும் வெளுத்துவிடும். தோரியம் மட்டும் போகாது. அதன் அரையாயுள் சுமார் 1400 கோடி ஆண்டுகள். கேமராவில் மாட்டிப் பயன்படுத்துவதில் அச்சப்பட ஒன்றுமில்லை. அந்தக் கண்ணாடியை உரசித் தூளாக்குவதும், கண்ணோடு ஒட்டி வைத்துப் பார்க்கும் உருப்பெருக்கியாக ஆக்கிக்கொள்வதும் கூடாது.

கனடா பால்சம் என்ற மரப்பிசினால் ஒட்டிய கண்ணாடி ஜோடி விட்டுப்போனால் ஓரத்தில் வானவில் வளையங்கள் தெரியும். அதைப் பிரித்து, மையம் பிசகாமல் மறுபடி ஒட்டுவது கைதேர்ந்தவர்களின் வேலை. மலிவான லென்ஸ் என்றால் இன்னொன்று வாங்குவதே மேல்.

சுத்தமான, சரியாகப் பூட்டிய ஹீலியோஸில் முழுத்துளையில் எடுத்தால், பின்னணியில் உள்ள இலைகள் நடுப்புள்ளியைச் சுற்றிச் சுழல்வதுபோலத் தெரியும். ஓரத்திலிருந்து சாய்ந்து வரும் ஒளிக்கற்றையை லென்ஸின் முன்விளிம்பு ஒரு பக்கமும் பின்விளிம்பு மறுபக்கமும் வெட்டுகின்றன. வட்டமாக இருக்க வேண்டிய மங்கல் புள்ளி பூனைக்கண் வடிவமாகி, மையத்தைச் சுற்றி வரிசை கட்டுகிறது. எஃப்/4க்குத் துளையைச் சுருக்கினால் சுழல் பெரும்பாலும் அடங்கிவிடும். இது பயோட்டார் வடிவமைப்பின் இயல்பு. 2024இல் வந்த டியூன் இரண்டாம் பாகத்தின் ஒளிப்பதிவில், புது உறைக்குள் பொருத்திய சோவியத் லென்ஸ்கள் பயன்பட்டிருக்கின்றன. சுழலைக் கூட்டுவதற்காக முன்கண்ணாடியைத் திருப்பிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காலம் சேர்த்த அழுக்கை எடுப்பதோடு நம் உரிமை முடிகிறது.

டிஜிட்டல் சென்சாருக்கு முன்னால் சுமார் 2 மி.மீ. கண்ணாடித் தகடு இருப்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஃபிலிமுக்கு அப்படி ஒன்று இருந்ததில்லை. ஹீலியோஸின் பின்கண்ணாடி சென்சாரிலிருந்து நன்றாகத் தள்ளி இருப்பதால் ஒளி ஏறத்தாழ நேராகவே விழும். ஜூப்பிட்டர் 12 போல ஃபிலிமைத் தொடும் அளவுக்குப் பின்கண்ணாடி புடைத்த அகலக்கோண லென்ஸ்களில் ஒளி சாய்ந்து தகட்டைக் கடப்பதால் ஓரங்கள் குழம்பும். அதை அடாப்டரால் சரிசெய்ய முடியாது.

மாட்டியதும் கேமராவின் மெனுவில் லென்ஸ் இல்லாமலே படம் எடுக்க அனுமதி தர வேண்டும், ஏனென்றால் முன்னால் ஒரு லென்ஸ் இருப்பதே அதற்குத் தெரியாது. சென்சாரை அசைத்து நடுக்கம் தடுக்கும் வசதி இருந்தால் 58 என்று கையால் பதிவு செய்ய வேண்டும். தவறான எண் தந்தால் அது நடுக்கத்தைத் தவறான அளவில் ஈடுகட்டும். ஒரு மீட்டரில் ஒருவரின் முகத்தை எஃப்/2இல் எடுத்தால் தெளிவாக இருக்கும் ஆழம் மூன்றரை சென்டிமீட்டர் அளவுதான். கண்ணுக்கும் காதுக்கும் இடையிலுள்ள தூரம் அதைவிட அதிகம். மின்திரையில் கண்ணைப் பெரிதாக்கி, வளையத்தைத் திருப்பி இமைமுடி கூர்மையாகும் இடத்தில் நிறுத்திய பிறகு, வளையத்தைத் தொடாமல் உடம்பை மட்டும் மெல்ல முன்னும் பின்னும் சாய்த்து நாலைந்து படங்களைத் தொடர்ந்து எடுத்தால் ஒன்றிலாவது கண் தெளிவாக விழும்.